தூத்துக்குடியில் எப்போது என்ன சாப்பிடுவது: ஓர் ஊர்க்காரனின் முழு வழிகாட்டி

"தூத்துக்குடி போறேன், எந்தக் கடையில சாப்பிடலாம்?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். முன்பெல்லாம் நாலு கடைப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். போனவர்கள் திரும்பி வந்து, "நீங்க சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்லையே" என்பார்கள். கிளறி விசாரித்தால் விஷயம் வெளியே வரும். ஒருவர் பகல் 11 மணிக்குப் புரோட்டா தேடியிருப்பார். இன்னொருவர் திங்கட்கிழமை மதியம் போய் சீலா மீன் கேட்டிருப்பார். மூன்றாமவர் ஊரின் பெயர்போன முந்திரிப் பலகாரமான மக்ரூனைச் சாதாரண அட்டைப் பெட்டியில் வாங்கி, மழை நாளில் பஸ் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வந்திருப்பார்.

இந்த ஊரில் எங்கே சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். படகு வருகிற நேரம் ஒன்று, பனையிலிருந்து கலயம் இறங்குகிற நேரம் ஒன்று, புரோட்டாக் கல் சூடேறுகிற நேரம் ஒன்று. அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் போர்டு இல்லாத கடையிலும் வயிறு நிறையும். தவறவிட்டால் பெரிய கடையிலும் மிச்சம்தான். அதனால் இந்த வழிகாட்டியைக் கடைப் பட்டியலாக எழுதாமல், ஒன்றரை நாள் கணக்காக எழுதுகிறேன்.

முதல் படி: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

சனிக்கிழமை காலை ஊரில் இறங்கி, ஞாயிறு ராத்திரி திரும்புகிற மாதிரித் திட்டம் போடுங்கள். காரணம் மீன்.

தூத்துக்குடி விசைப்படகுகள் ராமேசுவரம் படகுகளைப் போல ராத்திரி கடலில் தங்குவதில்லை. அதிகாலை 5 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடு பிடிப்பதே இருட்டிய பிறகுதான். ஊரின் நாட்டுப்படகுத் துறையான திரேஸ்புரத்துப் படகுகளின் கதை வேறு. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் சில நாள் தங்கிப் பிடித்துவிட்டுச் சனிக்கிழமை கரை திரும்புவார்கள். ஞாயிறு கோயிலுக்கு உரிய நாள், கடலுக்கு இல்லை. (கடற்கரைக்காரர்கள் கோயில் என்றால் மாதா கோயில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.) ஆக, வாரத்தின் பெரிய மீனெல்லாம் சனிக்கிழமை கரையேறுகிறது. திங்கட்கிழமை மதியம் உங்கள் இலைக்கு வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்த மீன்தான்.

மாதக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை எகிறும். இந்த இரண்டு மாதம் மீனுக்காகவே வருகிறேன் என்றால் வேண்டாம் என்பேன். இதற்கு நேர் எதிர், புரட்டாசி. ஊரில் பாதிப்பேர் கவுச்சியை நிறுத்திவிடுவதால் திரேஸ்புரத்தில் மீன் விலை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையைப் போல யோகமான நாள் கிடையாது. பெருமாள் மன்னிப்பாராக.

ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. ஊரே விளக்கும் கடைத்தெருவுமாக இருக்கும். பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் லாட்ஜில் ரூம் கிடைக்காது, நல்ல கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. சாப்பாடுதான் முக்கியம் என்றால் அந்தப் பதினொரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: காலை, வெறும் வயிற்றோடு

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் இறங்குவீர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் இந்த ஊருக்கு வந்துதான் கப்பலேறினார்கள். அப்புறம் அந்தக் கப்பல் பயணிகளின் ரயிலான போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டீ. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊர் டீயும்தான். ஆனால் கருப்பட்டிக் காப்பி என்று எழுதியிருக்கும் கடையைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். தேரிக்காடு என்னும் செம்மணல் மேடுகளும் பனையும் சூழ்ந்த மாவட்டம் இது. கருப்பட்டி இங்கே வீட்டுச் சரக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை: வாயில் வைத்ததும் சீனி மாதிரிச் சுத்தமான தித்திப்பு மட்டும் வந்தால் அதில் கலப்படம் இருக்கிறது. நல்ல கருப்பட்டியில் லேசான புகை வாசமும், கடைசியில் ஒரு மெல்லிய கரிப்பும் இருக்கும்.

பங்குனி, சித்திரையில் வந்தால் இன்னும் நல்லது. சாலையோரம் பதநீர் வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் பயினி என்போம். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். இதைக் காலை 8 மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கும். 11 மணிக்கு மேல் பதநீர் என்று எதையாவது நீட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

காலைச் சாப்பாட்டை இலேசாக முடித்துக்கொள்ளுங்கள். இட்லியோ இடியாப்பமோ போதும். இந்த ஊரின் உண்மையான காலைச் சாப்பாடு நேற்றைய மீன் குழம்பும் சூடான இட்லியும்தான், அது கடையில் கிடைக்காது. ஊரில் நண்பர் வீடு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாசலில் நில்லுங்கள். கூச்சமே வேண்டாம்.

மூன்றாம் படி: திரேஸ்புரம், வாங்க அல்ல, கற்றுக்கொள்ள

மதியம் என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமானால் காலையில் திரேஸ்புரம் ஏலக்கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். செருப்பு நனையும், சட்டை நாறும். வழியில் நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். ஏலம் விடுகிறவருக்கு உங்கள் செல்ஃபி ஒரு தொந்தரவு.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது எங்களுக்குச் சீலா. சென்னையில் ஷீலா என்று வாங்குகிறீர்களே, அது எங்களுக்கு ஊளி. எனவே சென்னைக்காரர் ஒருவர் "வஞ்சிரம் இல்லையா, சரி ஷீலா கொடுங்க" என்று சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்துத் திகைப்பது இங்கே வாடிக்கை. மத்தி இங்கே சாளை. கடம்பா இங்கே கணவாய். விளமீன், பாறை, முரல், காரப்பொடி எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் குவியலாகக் கிடப்பது எது என்று பாருங்கள், அதுதான் மதியம் நல்லதாகக் கிடைக்கும். சீலா இல்லாத நாளில் சீலாவைக் கேட்பதால் சமையல்காரருக்கும் சங்கடம், உங்களுக்கும் நஷ்டம்.

நான்காம் படி: மதியச் சாப்பாடு, 12:30 மணிக்கு

ஒன்றரை மணி நேர இடைவெளிதான் இருக்கிறது. 12:30 மணிக்கு முன் போனால் குழம்பு இன்னும் கூடியிருக்காது, மீனில் புளி ஏறியிருக்காது. 2 மணிக்கு மேல் போனால் வறுவல் தீர்ந்து, குழம்பில் தலையும் வாலும் மிஞ்சியிருக்கும். ஒரு முறை சொந்தக்காரக் கும்பல் ஒன்றைக் கூட்டிக்கொண்டு 3 மணிக்கு ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். ரசமும் அப்பளமும்தான் இருந்தன. என் மாமா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கடையைத் தேர்ந்தெடுக்க என் வழி இது. பழைய துறைமுகம், பீச் ரோடு, மார்க்கெட் பக்கம் சுமை தூக்குகிறவர்களும் லாரி டிரைவர்களும் எங்கே வரிசையாக உட்காருகிறார்களோ அங்கே போங்கள். போர்டில் எத்தனை பதார்த்தம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மீன் வகை இருபது என்று அச்சடித்த மெனு இருந்தால் அந்த இருபதும் ஐஸ் பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். சாக்பீஸால் நாலு வரி எழுதியிருந்தால் அந்த நாலும் இன்றைக்கு வந்தவை.

உட்கார்ந்ததும் "என்ன மீன் இருக்கு?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். ஒரே கேள்விதான், ஆனால் இரண்டாவதைக் கேட்டால் சப்ளையர் உங்களை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் உண்மையைச் சொல்வார்.

மீன் குழம்பு இங்கே தேங்காய் அரைத்துவிட்டது. சின்ன வெங்காயம், சீரகம், புளி, தேங்காய். செட்டிநாட்டு மசாலா வாசத்தை எதிர்பார்க்காதீர்கள். பட்டை, கிராம்பு மணந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. குழம்பு மட்டும் ஊற்றி முதல் பிடி சாப்பிடுங்கள். புளியும் தேங்காயும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றால் மீனையும் நம்பலாம். குழம்புக்கு விளமீனும் பாறையும் என் விருப்பம். சீலாவை வறுவலுக்கு விட்டுவிடுங்கள். குழம்பில் போட்டால் சக்கையாகிவிடும் என்பது என் கட்சி, அம்மாவின் கட்சி வேறு. கணவாய் வறுவல் கேட்டால் ரப்பராக இருக்கிறதா என்று ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கணவாயை ஒன்று சட்டென்று வதக்கி எடுக்க வேண்டும், இல்லை ரொம்ப நேரம் வேக வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எடுத்தால் பல்லுக்குத்தான் வேலை.

மாசி கண்ணில் பட்டால் விடாதீர்கள். சூரை மீனை வேக வைத்துக் காயவைத்து மரக்கட்டை மாதிரி ஆக்கியது மாசி. மாலத்தீவோடும் கொழும்போடும் தோணி வியாபாரம் செய்த ஊர் இது, அதனால் மாசி எங்களுக்கு அந்நியமில்லை. இடித்து வெங்காயம், தேங்காய், மிளகாய் சேர்த்துச் சம்பலாக்கினால் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக உள்ளே போகும்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் அநியாயம் செய்யாது. சைவ ஓட்டல்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதற்காகத் தூத்துக்குடிவரை வர வேண்டியதில்லை, திருநெல்வேலியில் இறங்கிச் சொதி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் படி: பேக்கரி

கொஞ்சம் தூங்கி எழுந்து 4 மணிக்கு மேல் பேக்கரிக்குக் கிளம்புங்கள். போர்டில் அடுமனை என்று எழுதியிருக்கும், ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேற்கு கிரேட் காட்டன் ரோட்டையும் அதைச் சுற்றிய கடைத்தெருவையும் நடந்தாலே போதும். கணேஷ், தனலட்சுமி, சாந்தி ஆகியவை ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர்கள். எது சிறந்தது என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி உண்டு, அதற்குள் நான் போக மாட்டேன்.

மக்ரூன் என்றால் பாரீஸ் படங்களில் கலர் கலராக இரண்டு வட்டம் ஒட்டி நடுவே கிரீம் வைத்திருப்பார்களே, அது அல்ல. எங்கள் மக்ரூன் தந்த நிறத்தில், சுருள் சுருளாக ஏறிக் கூம்பாக முடியும். சாமான் மூன்றே மூன்று: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. முட்டை உண்டு என்பதைச் சைவ நண்பர்களுக்கு வாங்கிப் போகும் முன் நினைவில் வையுங்கள். இதைச் சொல்லாமல் கொடுத்து நான் ஒரு நட்பைக் கிட்டத்தட்ட இழந்தேன்.

போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பலகாரம், பாதாமுக்குப் பதில் இங்கே முந்திரி போட்டார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்காகவும் இந்தக் கடற்கரையின் மீனவச் சமூகமான பரதவர் நட்புக்காகவும் அவர்கள் இந்தக் கரையில் காலூன்றியது உண்மை. ஊரில் பர்னாந்துகளும் ரோட்ரிகோக்களும் மச்சாதோக்களும் இருப்பது அதனால்தான். முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் 1658இலேயே டச்சுக்காரர்கள் இந்த ஊரை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இன்று நாம் வாசலில் நிற்கும் பேக்கரிகள் எல்லாம் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதனால் கதையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். யார் கொண்டுவந்திருந்தாலும் சரி, முந்திரி போட்டவன் கெட்டிக்காரன்.

செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். வெள்ளைக்கருவைத் தனியே பிரித்து நுரைக்க நுரைக்க அடிப்பார்கள். ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலும் நுரை ஏறாது, கொழுப்பு நுரைக்குப் பகை. நுரை நிற்கத் தொடங்கியதும் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்த பிறகுதான் முந்திரித் தூள். முந்திரியிலும் எண்ணெய் இருக்கிறது அல்லவா, அதனால் கடைசியில், கையால் இதமாகக் கலப்பார்கள். அழுத்திக் கலந்தால் அவ்வளவு நேரம் அடித்த காற்றெல்லாம் போய்விடும். பிறகு காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் மணிக்கணக்காக வைப்பார்கள். வேக வைப்பது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். விறகு அடுப்பு வைத்திருக்கும் இடங்களில் தணல் ஆறி வரும் சூட்டுக்கு இது தோதானது. வீட்டு அவனில் செய்து பார்க்கிறவர்கள் தோற்பது இங்கேதான்: பொறுமை போய்ச் சூட்டைக் கூட்டுவார்கள், வெளியே பழுத்து உள்ளே பிசுபிசுக்கும்.

இனி வாங்கும் முறை. கடைக்காரரிடம் சாம்பிளுக்கு ஒன்று கேளுங்கள், தருவார்கள். முதலில் நிறம். தந்த நிறம், அடியில் மட்டும் இலேசான பொன்னிறம் இருந்தால் சரி. பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் முந்திரி குறைவு. எடை உள்ளங்கையில் தெரியவே கூடாது. நுனியைக் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் அடங்கியதும் நடுவில் முந்திரி நறநறவென்று தட்டுப்பட்டு, மெல்லக் கரைய வேண்டும். பல்லில் ஒட்டினால் ஈரம் ஏறிய பழைய சரக்கு. முட்டை வாடை அடித்தால் உலரவில்லை. வெறும் தித்திப்புத்தான் வருகிறது, முந்திரி தெரியவே இல்லை என்றால் விலை குறைவாக இருக்கும், ஏன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். நான் எப்போதும் இரண்டு கடையில் கால் கால் கிலோ வாங்கி, தெருவோரம் நின்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த கடைக்குத் திரும்பிப்போய் மீதியை வாங்குவேன். கடைக்காரர்களுக்கும் இது பழகிப்போன விஷயம்.

மக்ரூனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கண்ணாடி ஜாடிகளில் பட்டர் பிஸ்கட்டும் சால்ட் பிஸ்கட்டும் இருக்கும். சாயங்காலம் சூடாக இறங்கும் பன்னை வாங்கி, அங்கேயே பிய்த்துச் சாப்பிட்டுவிடுங்கள். டிசம்பரில் வந்தால் பிளம் கேக், ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கவுன்டரை நெருங்கவே முடியாது. அந்த வாரத்தில் மக்ரூனையும் அவசரத்தில்தான் எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம், ஜனவரியில் வாங்கியது எனக்கு எப்போதும் நன்றாக இருந்திருக்கிறது.

மக்ரூனுக்கு ஒரே எதிரி ஈரக்காற்று. சீனி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடற்கரை ஊரில் காற்றே ஈரம்தான். "வெளியூர் கொண்டு போகணும்" என்று சொல்லிக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் கவரில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து இறுக்க மூடும் டப்பா ஒன்றைக் கொண்டுபோவது இன்னும் நல்லது. ஒரே பெரிய பொட்டலமாக வாங்காமல் கால் கிலோக் கவர்களாக வாங்குங்கள், ஒன்றைத் திறந்தால் மற்றவை தப்பிக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். பெட்டிக்கு அடியிலும் வேண்டாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் காத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். எங்கள் வீட்டில் இரண்டு நாளைத் தாண்டியதில்லை.

ஆறாம் படி: சாயங்காலத்தைச் சும்மா விடுங்கள்

ஒன்றும் சாப்பிட வேண்டாம். பனிமய மாதா பேராலயம் பக்கம் நடந்து, குரூஸ் பர்னாந்து சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் அவர். உப்பளத்துக்கு நடுவே இருக்கிற ஊரில் டீ உப்புக் கரிக்காமல் இருப்பதற்கு அவருக்கும் ஒரு கும்பிடு. நாக்கு சும்மா இருக்காது என்றால் டீக்கடையில் ஒரு சுசியம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரிக்கு வயிறு வேண்டும்.

ஏழாம் படி: நைட் கிளப்

இந்தப் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. சாயங்காலம் திறந்து ராத்திரி வரை நடக்கும் புரோட்டாக் கடைக்குத் தூத்துக்குடியில் நைட் கிளப் என்று பெயர். சில கடை போர்டிலேயே அப்படி எழுதியிருக்கும். என் கல்லூரி நண்பன் ஒருவன் கோவையிலிருந்து வந்தபோது, "வாடா, நைட் கிளப் போகலாம்" என்று கூப்பிட்டேன். வாசனையெல்லாம் பூசிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். சால்னா கறையோடு திரும்பினான்.

கடை திறந்ததும் ஓடாதீர்கள். 8 மணிக்குப் போங்கள். அதற்குள் கல் நன்றாகச் சூடேறியிருக்கும், மாவு ஊறியிருக்கும், மாஸ்டர் கையும் தாளத்துக்கு வந்திருக்கும். சால்னாவும் சுண்டிச் சுண்டி ருசி ஏறியிருக்கும். 11 மணிக்கு மேல் போனால் சால்னாவில் தண்ணீர் சேர்ந்துவிடும்.

சாதாப் புரோட்டா, பொரிச்ச புரோட்டா என்று இரண்டு. சாதா என்றால் கல்லில் சுட்டு, அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி நொறுக்குவது. அந்தத் தட்டல் சத்தம் கேட்கவில்லையென்றால் அடுக்கு பிரியாது. பொரிச்ச புரோட்டா சின்னதாக இருக்கும். எண்ணெய் தேங்கிய கல்லில் கிடந்து வெளியே மொறுமொறு என்றும் உள்ளே மெத்தென்றும் வரும். விருதுநகர்க்காரர்கள் எண்ணெய்ப் புரோட்டா எங்களுடையது என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும், இரண்டையும் சாப்பிட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சாப்பிடவும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சாதா இரண்டு. சப்ளையர் இலையில் வைத்ததும் அவரே பிய்த்துப் போடுவார், இல்லை நீங்கள் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். சால்னாவைத் தொட்டுக்கொள்வது என்ற பேச்சே இங்கே இல்லை, மேலே ஊற்ற வேண்டும், தளும்ப. ஒரு நிமிஷம் ஊற விடுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நறுக்கிய வெங்காயம் வந்துவிடும். ஊறிய புரோட்டாவும் ஊறாத வெங்காயமும் ஒரே வாயில் போக வேண்டும்.

பொரிச்ச புரோட்டாவுக்கு இது தலைகீழ். சால்னாவை ஊற்றிக் காத்திருந்தால் மொறுமொறுப்பு செத்துப்போகும். ஒரு கரண்டி மட்டும், உடனே சாப்பிடுங்கள். கூடவே பொரிச்ச கோழி. சிவப்புக் கலர் தூக்கலாக இருந்தால் வேறு கடை பாருங்கள். கடைசியாக ஒரு கலக்கி, அதாவது அரைவேக்காட்டு ஆம்லெட், சால்னாவின் மிச்சத்தோடு. கொத்துப் புரோட்டாவை நான் பரிந்துரைப்பதில்லை. அது மற்ற ஊர்களிலும் நன்றாகவே கிடைக்கிறது, இங்கே அதில் வயிற்றை வீணாக்க வேண்டாம்.

ஒரு தடவை குடும்பத்தோடு போன ஒரு கடையில் பில்லில் நாலு புரோட்டா கூடுதலாக ஏறியிருந்தது. கேட்டால், "எண்ணிக்கிட்டுத்தானே சாப்பிட்டீங்க?" என்று எங்களையே கேட்டார்கள். இல்லை, எண்ணவில்லை. அன்றிலிருந்து எண்ணிக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எட்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூர் சாலை

ஞாயிறு காலை கடை கண்ணி மந்தமாக இருக்கும், ஊரை விட்டு வெளியே போக நல்ல நேரம். தெற்கே திருச்செந்தூர் சாலை. வழியில் ஆத்தூர். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் கொஞ்சம் தூக்கல், நேற்று ராத்திரிச் சாப்பாடு செரிக்க அதுதான் மருந்து. அப்புறம் காயல்பட்டினம். அங்கே களரிச் சாப்பாடு என்று ஒன்று உண்டு: நெய்ச்சோறு, களரிக்கறி, கத்தரிக்காய் மாங்காய். சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. காயல்பட்டினத்தில் சிநேகிதர் இருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் எந்த வேலையையும் தள்ளிப்போட்டுப் போய்விடுங்கள்.

திருச்செந்தூரைத் தாண்டினால் உடன்குடி, கருப்பட்டிக்குப் பெயர்போன இடம். உடைத்துப் பார்த்து வாங்குங்கள், உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறத்தில் மினுமினுத்தால் சந்தேகப்படுங்கள். சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக் கருப்பட்டி கிடைத்தால் அரைக் கிலோ. இன்னும் உள்ளே போக நேரம் இருந்தால் முதலூர், மஸ்கோத் அல்வா. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலில் கிளறுவது. வழுவழுவென்று தொண்டையில் இறங்கும், திருநெல்வேலி அல்வாவைப் போல விரலில் நெய் வழியாது. எனக்கு இதுதான் மேல். திருநெல்வேலிச் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

காரில் வடக்கே மதுரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்குக் கோவில்பட்டி இருக்கிறது. 2020இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பஸ் ஜன்னலில் விற்பதை வாங்காமல், இறங்கிக் கடையில் வாங்குங்கள். கடித்தால் உடைய வேண்டும், இழுக்கக் கூடாது.

ரயிலில் போகிறவர்கள் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் திரும்பி, மக்ரூன் கவரை ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். ராத்திரி வண்டி கிளம்பி மணியாச்சி தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் கேட்பார், "மக்ரூனா?" என்று. ஒன்று கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவரும் பெரும்பாலும் தன் கவரைப் பிரிப்பார், வேறு கடையுடையதாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தாலும் நாலைந்து உடைந்து, கவரின் அடியில் தூளாகக் கிடக்கும். கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் தட்டி, மேலே சூடான பால் ஊற்றி, கரைவதற்குள் ஸ்பூனைப் போடுங்கள்.